முதல் திருமணம் முடிந்ததற்கு என்ன ஆதாரம்? வெளிநாட்டு வாழ்க்கைத்துணை விசாவும் நமது தலாக், குலா பத்திரங்களும்



பாகூர் கொம்யூன், பிள்ளையார்குப்பத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு இருபத்திரண்டு வயதில் நிக்காஹ் நடந்தது. ஒத்துவரவில்லை. இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள், பலனில்லை. மஹல்லாவில் வைத்து குலா ஆனது. முத்தவல்லியும் இமாமும் கையெழுத்திட்டு, ஜமாஅத் லெட்டர்பேடில் முத்திரை குத்தி ஒரு கடிதம் கொடுத்தார்கள். இத்தா முடிந்து, மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணுக்கு நல்ல வரன் அமைந்தது. மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். நிக்காஹ் முடிந்து ஊருக்குப் போனதும் மனைவியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டார். சில மாதங்களில் பதில் வந்தது. முதல் திருமணம் சட்டப்படி முடிந்ததற்கு ஆதாரம் அனுப்ப வேண்டும். அனுப்பிய ஜமாஅத் கடிதம் போதாது.

குடும்பம் கற்பனைதான். ஆனால் இதே நிலையில் நிற்கும் குடும்பங்கள் புதுவையிலும் கடலூர், நாகை, தஞ்சை மாவட்டங்களிலும் உண்டு. "மார்க்கப்படி எல்லாம் சரியாகத்தானே செய்தோம், பிறகு ஏன் இந்தச் சோதனை?" என்று அந்தப் பெண்ணின் தகப்பனார் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதும், இனி என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். மணவிலக்கு நிகழ்ந்ததா என்பது ஒரு விஷயம். நிகழ்ந்ததற்கு மூன்றாம் மனிதர் ஏற்கும் ஆதாரம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் சிக்கல் வருகிறது.

வெளிநாட்டு அதிகாரி எதைக் கேட்கிறார்?

அமெரிக்கக் குடிமகனோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவரோ துணைக்காகப் போடும் மனு ஐ-130 எனப்படும். அதில் கணவன், மனைவி இருவரும் இதற்கு முன் எத்தனை முறை மணம் செய்தார்கள், யாரை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுத வேண்டும். நிக்காஹ் சான்றுடன், இருவரின் முந்தைய திருமணங்கள் அனைத்தும் சட்டப்படி முடிந்ததற்கான ஆதாரத்தையும் இணைக்க வேண்டும். இதை நிரூபிக்கும் பொறுப்பு மனுப் போட்டவருடையது.

ஆதாரம் குறைவாக இருந்தால் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார்கள். அதற்குப் பதில் சொல்ல அதிகபட்சம் 12 வாரம். அதற்கு மேல் தவணை கிடையாது. நம் ஊர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கைத் தொடங்கித் தீர்ப்பு வாங்க 12 வாரம் போதுமா என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. மனுப் போடும் முன்பே ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

முந்தைய விவாகரத்து செல்லுமா என்பதற்கு அவர்கள் பார்க்கும் அளவுகோல், அது எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டின் சட்டம் அதை ஏற்கிறதா என்பதுதான். எனவே அமெரிக்க மனுவாக இருந்தாலும் கேள்வி சுற்றி நம் நாட்டுச் சட்டத்துக்கே திரும்பி வருகிறது.

"ஆணுக்கு இந்தச் சிக்கல் இல்லை, மார்க்கமும் இந்தியச் சட்டமும் அவருக்கு மறுமணத்தை அனுமதிக்கின்றனவே" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. முதல் மனைவியுடனான திருமணம் நீடிக்கும்போது செய்த இரண்டாம் திருமணத்தை இந்தியச் சட்டம் ஏற்றாலும், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளின் குடியேற்றச் சட்டங்கள் துணை விசாவுக்கு ஏற்பதில்லை. ஆகவே மாப்பிள்ளையின் முந்தைய மணவிலக்குக்கும் இதே ஆதாரம் வேண்டும்.

ஜமாஅத் கடிதம் ஏன் போதவில்லை?

புதுச்சேரி சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வருகிறது. அந்த நீதிமன்றத்தின் சில தீர்ப்புகளை நாம் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான பதர் சயீத் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2017 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது. தலைமைக் காஜி தரும் தலாக் சான்றிதழ் நீதிமன்றங்களுக்கும் அரசு அதிகாரிகளுக்கும் ஒரு கருத்து மட்டுமே. சட்ட வலிமை அதற்கு இல்லை என்றது அந்த உத்தரவு. 1880ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டத்தின் 4ஆம் பிரிவே காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரத்தைத் தரவில்லை என்பது அதன் அடிப்படை. தலைமைக் காஜியின் சான்றுக்கே இந்த நிலை என்றால் மஹல்லா லெட்டர்பேடின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

2023 ஜனவரியில், ஷரீஅத் கவுன்சில் ஒன்று தந்த குலா சான்றிதழை அதே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குலா கேட்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு, அதற்கு அவர் குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும், தனியார் அமைப்புகள் திருமணத்தை முறிக்க முடியாது என்றது தீர்ப்பு. 2024 அக்டோபரில் மதுரைக் கிளை, மனைவி மறுக்கும் தலாக்கை நிரூபிக்கும் பொறுப்பு கணவனுடையது, நீதிமன்றம் அறிவிக்கும் வரை திருமணம் நீடிப்பதாகவே கொள்ளப்படும் என்றது.

உச்ச நீதிமன்றத்தைப் பார்த்தால், 2002ஆம் ஆண்டு ஷமீம் ஆரா வழக்கில், தலாக்குக்கு நியாயமான காரணமும் அதற்கு முன் இரு தரப்பு நடுவர்களின் சமாதான முயற்சியும் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. இது அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் காட்டும் வழிதான். 2017 ஆகஸ்ட் 22 அன்று ஷாயரா பானு வழக்கில், ஒரே நேரத்தில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று தீர்ப்பானது. பிறகு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2018 செப்டம்பர் 19 முதல் அது நடைமுறையில் உள்ளதாகக் கொள்ளப்படுகிறது. வாயால் சொன்னாலும் எழுதினாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஒன்றுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. நம் கடிதங்கள் சிலவற்றில் "மூன்று தலாக்கும் ஒரே அமர்வில் கூறி விலக்கிவிட்டார்" என்று எழுதிவிடுகிறார்கள். முத்தலாக் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் இங்கே பேசவில்லை. ஆனால் அப்படி ஒரு கடிதத்தை விசா மனுவுடன் இணைத்தால், திருமணம் முடிந்ததற்கு அது ஆதாரமாகாது. முடியவில்லை என்பதற்கே அது ஆதாரமாகிவிடும்.

அதே சமயம், கோர்ட்டுக்கு வெளியே நடந்த மணவிலக்கு எல்லாமே பொய் என்று யாரும் கலங்க வேண்டாம். இடைவெளி விட்டு முறையாகச் சொன்ன தலாக்கையோ, இருவரும் மனமொத்துப் பிரியும் முபாரஆவையோ இத்தீர்ப்புகள் ஒழித்துவிடவில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் குலா, முபாரஆ, தலாக்கே தஃப்வீழ் ஆகியவை நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தாலும் செல்லும் என்றும், குடும்ப நீதிமன்றம் அதைச் சரிபார்த்து அறிவிக்கலாம் என்றும் கூறியது. மணவிலக்கு இருக்கலாம். அதற்குச் சாட்சி சொல்லும் தகுதி யாருடைய காகிதத்துக்கு என்பதே கேள்வி.

அறிவிப்புத் தீர்ப்பும் முறிப்புத் தீர்ப்பும்

பலர் தவறவிடும் இடம் இது. குடும்ப நீதிமன்றத்திலிருந்து வரும் தீர்ப்பு இரண்டு வகையாக இருக்கலாம்.

ஒன்று அறிவிப்பு. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒருவரின் திருமண நிலை என்ன என்று அறிவிக்கும் அதிகாரத்தை அந்த நீதிமன்றத்துக்குத் தருகிறது. "இன்ன தேதியில் முறைப்படி மணவிலக்கு நடந்துவிட்டது" என்று நீதிமன்றம் ஏற்று அறிவித்தால், முதல் திருமணம் அந்தப் பழைய தேதியிலேயே முடிந்ததாகும். அதற்குப் பிறகு செய்த மறுமணத்துக்குப் பாதிப்பில்லை.

மற்றொன்று முறிப்பு. 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி பெண் தொடுக்கும் வழக்கில் கிடைப்பது இது. கணவன் நான்கு ஆண்டுகளாகக் காணவில்லை, இரண்டு ஆண்டுகளாக ஜீவனாம்சம் தரவில்லை, கொடுமை செய்தான் போன்ற காரணங்கள் அச்சட்டத்தில் உண்டு. இதில் திருமணம் தீர்ப்பால்தான் முறிகிறது. பழைய தேதிக்கு அது போகாது.

இந்த வித்தியாசம் தெரியாமல் என்ன நடக்கிறது? 2019இல் மஹல்லா குலா, 2022இல் மறுமணம், 2025இல் முறிப்புத் தீர்ப்பு என்று தாள்களைச் சேர்த்து அனுப்புகிறார்கள். பார்க்கும் அதிகாரிக்கு, 2022இல் அந்தப் பெண் இன்னொருவரின் மனைவி. மனுப் போட்ட அன்றே திருமணம் செல்லுபடியாக இருந்திருக்க வேண்டும் என்பதால், பின்னால் வந்த தீர்ப்பு அந்த மனுவைக் காப்பாற்றாது.

அப்படி முறிப்புத் தீர்ப்பு மட்டுமே கிடைத்த குடும்பங்கள், தீர்ப்புக்குப் பின் இத்தா காலத்தையும் கணக்கிட்டு, நிக்காஹைப் புதுப்பித்துப் பதிவு செய்து, புதிய மனுப் போடுவதே வழி. மார்க்கப்படி முதல் விலக்கு முன்பே கூடியிருந்தால், நிக்காஹைப் புதுப்பிப்பது பேணுதலே தவிர குற்றமன்று. இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. வழக்குப் போடும் முன்பே வழக்கறிஞரிடம், "நமக்கு வேண்டியது அறிவிப்பா, முறிப்பா?" என்று கேட்டுவிடுங்கள்.

புதுவைக்கே உரிய விஷயம்: பிரான்ஸ்

1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் சந்ததியினர் இன்றும் புதுவையில் உள்ளனர். நம் சமுதாயத்திலும் அப்படிச் சில குடும்பங்கள் உண்டு. அங்கே சம்பந்தம் பேசுவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ரெனோன்சான் விவகாரம். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி தம் தனியார் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் இப்படி அழைக்கப்படுகிறார்கள். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் 1968இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு சேர்க்கப்பட்டது. அத்தகைய வம்சத்தில் யாராவது இருந்தால், தலாக் பத்திரத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது, பிரான்ஸின் நிலைப்பாடு. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி முதல் திருமணம் முடியாமல் இரண்டாவது கூடாது. அதன் உச்ச நீதிமன்றம் 2004 பிப்ரவரி 17 அன்று, வட ஆப்பிரிக்கக் குடும்பங்களின் வழக்குகளில், மனைவியின் எதிர்ப்புக்கு இடமில்லாத ஒருதலைப்பட்ச தலாக்கை ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கணவன் மனைவி சமத்துவத்துக்கு அது முரண் என்பது காரணம். எனவே இருவரும் நேரில் வந்து ஒப்புக்கொண்ட மணவிலக்கும் நீதிமன்றத் தீர்ப்பும்தான் அங்கே பலமான ஆதாரம்.

பிரெஞ்சுக் குடிமக்கள் இங்கே மணம் முடிக்கும் முன் புதுவையில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று பெற வேண்டும். வெளிநாட்டில் மணம் செய்து வெளிநாட்டிலேயே விவாகரத்துப் பெற்றவர் என்றால், நாந்த் நகர அரசு வழக்கறிஞர் அந்த விவாகரத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். நிக்காஹ் தேதி குறிப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

எங்கே இருந்துகொண்டு தலாக் சொன்னார்?

லண்டனில் இருந்துகொண்டு வில்லியனூரில் உள்ள மனைவிக்குப் போனில் தலாக் சொன்னால்? 1986ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டப்படி பிரிட்டன் மண்ணில் நீதிமன்றம் தவிர வேறு வழியில் பெறும் விவாகரத்து அங்கே செல்லாது. இந்தியாவில் வைத்து, அரசு நடைமுறை எதுவுமின்றிச் சொன்ன தலாக்கையும் நிபந்தனைகளுடனே ஏற்கிறார்கள். அது இந்தியச் சட்டப்படி செல்ல வேண்டும். இருவரின் நிலையான தாயகமும் அதை ஏற்கும் நாடாக இருக்க வேண்டும். முந்தைய ஓராண்டு முழுவதும் இருவரில் எவரும் பிரிட்டனில் வழக்கமாக வசித்திருக்கக் கூடாது. அமெரிக்காவிலும், வாஷிங்டனில் உள்ள பாகிஸ்தான் தூதரகத்தில் வைத்து எழுதிய தலாக் ஒன்றை மேரிலாந்து மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2008இல் நிராகரித்தது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றம் அரசு அமைப்பு. சிங்கப்பூரிலும் ஷரியா நீதிமன்றம் அப்படியே. அந்த நாடுகளில் மணவிலக்குப் பெற்ற மாப்பிள்ளையோ பெண்ணோ அரசுப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கினால் போதும். இந்தியாவில் அந்த ஏற்பாடு இல்லாததால்தான் நமக்குக் குடும்ப நீதிமன்றம் தேவைப்படுகிறது.

கோப்பில் இருக்க வேண்டியவை

1. குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல். மணவிலக்கு நடந்த தேதி அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

2. முதல் நிக்காஹின் பதிவேட்டு நகல், கொம்யூன் பஞ்சாயத்திலோ சார்பதிவாளரிடமோ பதிந்திருந்தால் அந்தச் சான்று.

3. தலாக், குலா அல்லது முபாரஆ பத்திரம், சமாதான முயற்சி நடந்ததற்கான ஜமாஅத் பதிவு. இவை தனியாகப் போதாது. ஆனால் அறிவிப்புத் தீர்ப்பு வாங்க நீதிமன்றத்தில் இவைதான் ஆதாரம்.

4. தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர், இது முழுமையானது, சரியானது, இரு மொழியும் அறிந்தவர் நாம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிரான்ஸுக்கு என்றால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு.

5. கேட்கும் நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை. இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் உள்ளது.

6. முந்தைய துணை இறந்திருந்தால் மணவிலக்குப் பத்திரம் வேண்டாம். இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

உறவினர்களின் நோட்டரி வாக்குமூலம் கடைசிப் படிதான். அமெரிக்க விதிப்படி, மூல ஆவணமும் மாற்று ஆவணமும் கிடைக்காது என்று காட்டிய பிறகே, நேரடியாக அறிந்த இருவரின் வாக்குமூலம் ஏற்கப்படும்.

தேதிகளும் பெயர்களும்

மணவிலக்குத் தேதி, இத்தா முடிந்த தேதி, மறுமணத் தேதி மூன்றும் ஒரே வரிசையில் வர வேண்டும். கடிதம் கொடுத்த தேதியை மணவிலக்குத் தேதியாக எழுதும் பழக்கம் பல குழப்பங்களுக்குக் காரணம். நான்கு மாதம் கழித்துக் கடிதம் கேட்டு வருவார்கள். அன்றைய தேதியே தாளில் ஏறிவிடும். பிறகு கணக்குப் பார்த்தால் இத்தாவுக்குள் நிக்காஹ் நடந்ததுபோல் தெரியும்.

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் முன்னாள் கணவரின் பெயர் இருந்தால் மனுவுக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். தகப்பனார் பெயரின் முதல் எழுத்து ஒரு தாளில் முன்னாலும் இன்னொரு தாளில் பின்னாலும் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கு வாக்குமூலம் தயாராக இருக்கட்டும்.

மறைக்க வேண்டாம்

"நிக்காஹ் மட்டும்தான் ஆனது, சேர்ந்து வாழவே இல்லை. அதை ஏன் எழுத வேண்டும்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. சேர்ந்து வாழாத நிலையில் விலக்கினால் இத்தா இல்லை என்று அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 49ஆம் வசனம் கூறுவது உண்மை. ஆனால் அதுவும் திருமணம்தான், அதற்கும் விலக்கு நடந்திருக்கிறது. படிவத்தில் "முதல் திருமணம்" என்று எழுதிப் பிறகு வெளிவந்தால், அமெரிக்கச் சட்டத்தில் அது பொய்த் தகவல் தந்து பலன் பெற முயன்றதாகும். அதற்குத் தண்டனை நிரந்தர நுழைவுத் தடை. மகளின் மானத்தைக் காப்பதாக நினைத்துச் செய்த காரியம் அவள் வாழ்க்கையையே தடுத்துவிடும். மணவிலக்குப் பெற்ற பெண் என்பது இழிவல்ல. நபி (ஸல்) அவர்களின் துணைவியரில் பெரும்பாலோர் முன்பு மணமாகியிருந்தவர்களே.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

நம் மஹல்லாக்களில் நிக்காஹுக்குப் பதிவேடு இருக்கிறது. மணவிலக்குக்குத் தனிப் பதிவேடு பல இடங்களில் இல்லை. கடனுக்கே எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மணவிலக்கின்போது நேர்மையான இருவரைச் சாட்சியாக்கும்படி அத்தலாக் அத்தியாயத்தின் 2ஆம் வசனம் கூறுகிறது. அந்தச் சாட்சிகளின் பெயர், முகவரி, கையெழுத்து, சமாதானப் பேச்சு நடந்த நாள்கள், தலாக் சொன்ன நாள், மனைவிக்குத் தெரிவித்த விதம், மஹர், இத்தாக்கால ஜீவனாம்சம் ஆகியவற்றை எழுதி வைத்தால், பத்தாண்டு கழித்து ஒரு பெண் நீதிமன்றத்தில் நிற்கும்போது அந்தப் பக்கம் அவளுக்குத் துணை நிற்கும். கூடவே, "எங்கள் கடிதம் மட்டும் போதாது. இப்போதே குடும்ப நீதிமன்றத்தில் பதிந்துகொள்ளுங்கள்" என்றும் சொல்லி அனுப்புங்கள். இருவரும் பேசும் நிலையில் இருக்கும்போது கூட்டாக மனுக் கொடுப்பது எளிது. ஐந்து வருடம் கழித்து முன்னாள் கணவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது எளிதல்ல.

பிள்ளையார்குப்பத்துத் தகப்பனார் செய்தது எதுவும் தவறில்லை. ஒரு படி மட்டும் விடுபட்டுவிட்டது. மறுமணப் பேச்சு தொடங்கும் வீடுகளில், வரன் உள்ளூரோ வெளிநாடோ, நிக்காஹ் தேதி குறிப்பதற்கு முன் அந்தத் தீர்ப்பு நகல் வந்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறு. வழக்கறிஞரிடம் தாள்களைக் காட்டிய பிறகே முடிவு செய்யுங்கள். பிரிந்தவர்களுக்கு அல்லாஹ் நல்ல வாழ்க்கைத் துணையை அமைத்துத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.